எழுபத்தைந்து சென்ட்டும் அரை நொடியும்

1986-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர், தம் ஆராய்ச்சிக்கான நிதி தீர்ந்துபோனதால் கணினி மையத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். புதிதாக வந்தவருக்குப் பழக்கமாகட்டும் என்று ஒரு சில்லறைக் கணக்கைக் கையில் கொடுத்தார்கள். கணினியைப் பயன்படுத்தும் நேரத்துக்கு நொடிக்கணக்கில் கட்டணம் வசூலித்த காலம் அது. அந்த மாதக் கணக்கில் எழுபத்தைந்து சென்ட் உதைத்தது. யாரோ ஒருவர் ஒன்பது நொடி நேரம் கணினியைப் பயன்படுத்திவிட்டுக் காசு கட்டாமல் போயிருந்தார்.

எந்த அலுவலகத்திலும் இப்படிப்பட்ட வித்தியாசத்தை 'இதர செலவு' என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுவார்கள். ஸ்டோல் முடிக்கவில்லை. முகவரி இல்லாத ஒரு பயனரின் பெயர் கணக்கேட்டில் இருப்பதைக் கண்டார். ஒரு வார இறுதியில் மற்ற அறைகளிலிருந்து அச்சுப்பொறிகளையும் முனையங்களையும் இரவல் வாங்கி, ஆய்வகத்துக்குள் வரும் ஒவ்வொரு தொலைபேசி இணைப்பிலும் ஒன்றைப் பொருத்தினார். அவற்றின் அருகிலேயே படுத்துறங்கினார். வந்த திருடன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் காகிதத்தில் பதிவாயிற்று. அவன் ஏதேனும் அபாயகரமான கோப்பைத் தொடப்போனால், ஸ்டோல் தம் சாவிக்கொத்தை இணைப்புக் கம்பிகளின்மீது உரசி, லைனில் கோளாறு போலத் தோன்றச் செய்வார். கடைசியில், அவனை நெடுநேரம் பிடித்து நிறுத்துவதற்காக இல்லாத ஒரு ராணுவத் திட்டத்தின் பெயரில் பக்கம் பக்கமாகப் பொய்க்கோப்புகளை எழுதி வைத்தார்கள். திருடன் அவற்றை ஆர்வத்தோடு படித்துக்கொண்டிருந்த நேரத்தில், தொலைபேசித் தடம் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் ஒரு வீட்டில் போய் நின்றது. மார்கஸ் ஹெஸ் என்ற அந்த இளைஞர் அமெரிக்க ராணுவக் கணினிகளில் திரட்டிய தகவல்களைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுவந்த ஒரு சிறு குழுவைச் சேர்ந்தவர். 1990-இல் தண்டிக்கப்பட்டார். தம் தேடலை ஸ்டோல் 1989-இல் 'குயில் முட்டை' என்று பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடும் கதை நமக்குப் புதிதன்று.

இந்நிகழ்ச்சிக்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மற்றொருவர் தம் கணினி வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகப் பதில் சொல்வதைக் கவனித்தார். அவரும் அதை அப்படியே விட்டுவிடவில்லை. அதனால் தடுக்கப்பட்ட கேடு, ஸ்டோல் பிடித்த திருட்டைக் காட்டிலும் பன்மடங்கு பெரியது. எழுபத்தைந்து சென்ட்டுக்கும் அரை நொடிக்கும் இடைப்பட்ட காலத்தின் கதையை நாம் இங்கே சற்று நிதானமாகப் பார்க்கலாம். யுனிக்ஸ், அதன் வழியில் வந்த லினக்ஸ் ஆகிய இயங்குதளங்களைப் பராமரித்தவர்களின் அன்றாடப் பழக்கவழக்கங்கள்தாம் இதன் கதைமாந்தர்.

*

ஹெஸ் மாயவித்தை எதுவும் செய்யவில்லை. நானூற்றைம்பது கணினிகளின் கதவைத் தட்டினார். முப்பதுக்கும் மேற்பட்டவை திறந்துகொண்டன. விருந்தினர் என்ற பெயரும் விருந்தினர் என்ற கடவுச்சொல்லும் போதுமானதாக இருந்த இடங்கள் உண்டு. கணினியை விற்ற நிறுவனம் பழுதுபார்ப்பவருக்காக வைத்துச் சென்ற சொல்லை யாரும் மாற்றாமல் விட்டிருந்த இடங்களும் உண்டு. பூட்டைக் கண்டுபிடித்துக் கால் நூற்றாண்டு ஆகியும் பூட்டுவதற்கு மனிதன் பழகியிருக்கவில்லை. இது எப்படி நேர்ந்தது என்று அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

'கடவுச்சொல்' என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்குக் கடவுள் நினைவுக்கு வருகிறார். உண்மையில் கடவு என்றால் வழி. கடந்து செல்லும் இடம். ஈழத்தமிழர் பயணத்துக்குரிய ஆவணத்தைக் கடவுச்சீட்டு என்று அழகாகச் சொல்வார்கள். கணினியில் இந்தச் சொல்லின் தேவை 1961-இல் எழுந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறையை அவ்வாண்டு செயல்படுத்திக் காட்டியது. ஒரே வீட்டில் பல குடித்தனம் என்றால் அறைக்கு அறை பூட்டு வேண்டுமல்லவா? ஆளுக்கொரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. அவை அனைத்தும் ஒரே கோப்பில், எந்த மறைப்பும் இல்லாமல் எழுதி வைக்கப்பட்டன.

மறுவருடமே முதல் திருட்டு நடந்துவிட்டது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் தம் ஆய்வுக்குப் போதவில்லை. கோப்புகளை அச்சிட்டுத் தரும் வசதி அங்கே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொற்கள் உள்ள கோப்பின் பெயரைத் துளையட்டையில் குறித்துக் கொடுத்தார். சனிக்கிழமை போய் அச்சுத்தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இதை அவரே ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார். திருடியது பணமோ ராணுவ ரகசியமோ அல்ல; ஆராய்ச்சி செய்வதற்குக் கூடுதலாகச் சில மணி நேரம். மன்னிக்கத்தக்க திருட்டு என்றே நமக்குத் தோன்றுகிறது.

1966-இல் அதே கணினியில் திருடனே தேவைப்படாத ஒரு விபத்து நேர்ந்தது. ஒரு நிர்வாகி கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் மற்றொரு நிர்வாகி, உள்ளே நுழையும் பயனர்களுக்குக் காட்டப்படும் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தும் மென்பொருள் இருவருடைய தற்காலிகக் கோப்புகளுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் திருத்துவார் என்று நம்பி எழுதப்பட்ட நிரல் அது. கோப்புகள் இடம் மாறின. அதன் பிறகு கணினிக்குள் நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்பாக எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சிட்டுத் தரப்பட்டன. கணினி நிர்வாகிகளின் நகைச்சுவை மரபுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் அமைந்திருக்க முடியாது.

*

இந்த விபத்தின் படிப்பினையை ஏற்றுக்கொண்டவர்கள் பெல் ஆய்வகத்தின் யுனிக்ஸ் குழுவினர். கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-இல் தொடங்கிய யுனிக்ஸில் கடவுச்சொல்லை அப்படியே எழுதிவைக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. சொல்லைக் கணிதமுறையில் அரைத்து, மீண்டும் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர முடியாத பொடியாக்கி, அந்தப் பொடியை மட்டும் சேமித்தார்கள். பயனர் மறுபடி வரும்போது அவர் தரும் சொல்லையும் அரைத்து, இரண்டு பொடிகளும் ஒன்றா என்று பார்த்தால் போதும். இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் பொடி வேறாக இருக்கவேண்டும் என்பதற்காக, அரைப்பதற்கு முன் ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்தார்கள். அதற்கு 'உப்பு' என்று பெயரிட்டார்கள். இன்றைக்கும் அத்துறையில் அதன் பெயர் உப்புதான்.

ராபர்ட் மாரிஸும் தாம்சனும் 1979-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மக்கள் தேர்ந்தெடுத்திருந்த 3,289 கடவுச்சொற்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஒற்றை எழுத்தையே கடவுச்சொல்லாக வைத்தவர்கள் பதினைந்து பேர். இரண்டு எழுத்து வைத்தவர்கள் எழுபத்திரண்டு பேர். அகராதிகளிலும் பெயர்ப்பட்டியல்களிலும் அகப்பட்டவை, நீளம் குறைந்தவை என்று எல்லாவற்றையும் கூட்டினால் நூற்றுக்கு எண்பத்தாறு எளிதில் விழுந்துவிட்டன. அரைவை இயந்திரம் எவ்வளவு நேர்த்தியாக இருந்து என்ன? உள்ளே போடும் தானியம் அப்படி.

தாம்சன் தமக்கென்று என்ன சொல் வைத்திருந்தார் என்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு தெரியவந்தது. பழைய யுனிக்ஸ் மூலநிரல் தொகுப்பு ஒன்றில் அக்காலத்துக் கடவுச்சொல் கோப்பும் சேர்ந்து இணையத்துக்கு வந்திருந்தது. ஆர்வலர்கள் ஒவ்வொருவருடைய சொல்லாக உடைத்துக்கொண்டு வந்தார்கள். தாம்சனுடையது மட்டும் உடையவில்லை. 2019-இல் ஒருவர் நான்கு நாட்களுக்கு மேல் இயந்திரத்தை ஓடவிட்டு அதையும் உடைத்தார். எட்டு எழுத்தும் குறியுமாக இருந்த அது ஒரு சதுரங்க நகர்வு. ராணியின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் தொடக்கம், பழைய குறியீட்டு முறையில். சதுரங்கம் ஆடும் கணினியை உருவாக்கியவருக்கு ஏற்ற சொல். உடைத்தவருக்குத் தாம்சன் வாழ்த்துத் தெரிவித்தார்.

மாரிஸின் கதை வேறுவிதமாகத் திரும்பியது. 1988 நவம்பர் 2-ஆம் தேதி இரவு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் யுனிக்ஸ் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திணறத் தொடங்கின. தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு கணினிக்குக் கணினி தாவும் ஒரு நிரல் பரவிக்கொண்டிருந்தது. அது பல வழிகளில் நுழைந்தது. மென்பொருள்களில் இருந்த ஓட்டைகள் ஒரு வழி. கடவுச்சொல்லை ஊகிப்பது மற்றொரு வழி: பயனரின் பெயரையே போட்டுப் பார்க்கும், அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும், பிறகு தன்னோடு எடுத்துவந்த 432 சொற்களின் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்க்கும். சுமார் ஆறாயிரம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள்.

எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர். பெயர் ராபர்ட் டப்பன் மாரிஸ். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் பலவீனமான கடவுச்சொற்களைப் பற்றி எழுதிய அதே ராபர்ட் மாரிஸின் மகன். தந்தை அப்போது அமெரிக்க அரசின் தேசிய கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானியாக இருந்தார். தந்தை எழுதிய எச்சரிக்கையை ஊரார் பொருட்படுத்தவில்லை என்பதை மகன் நிரூபித்துக் காட்டிவிட்டார். நாவலில் வந்திருந்தால் செயற்கையாக இருக்கிறது என்று நாமே குறை சொல்லியிருப்போம். நீதிமன்றம் மகனுக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், நானூறு மணி நேரச் சமூகப் பணியும், பத்தாயிரம் டாலருக்குச் சற்று மேல் அபராதமும் விதித்தது. பின்னாளில் அவர் எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார். ஒருவர் தவறு செய்த பிறகு அவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு அச்சமூகம் கண்ட விடைகளில் இதுவும் ஒன்று.

*

1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், யுனிக்ஸைப் போன்ற ஓர் இயங்குதளத்தின் கருவை எழுதி இலவசமாக வெளியிட்டார். லினக்ஸ் பிறந்தது. பல்கலைக்கழக மையங்களில் மட்டும் இருந்த 'கணினி நிர்வாகி' என்ற பதவி, வீட்டு மேசைகளுக்கும் வந்துவிட்டது. கணினியை வாங்கி லினக்ஸை நிறுவியவர் எவரும் அன்று முதல் தம் கணினிக்குத் தாமே நிர்வாகி. பல வேளைகளில் தம் ஒரே பயனரைப் பற்றித் தாமே சலித்துக்கொள்பவரும்கூட.

தொலைவிலுள்ள கணினியில் நுழைவதற்கு அப்போது டெல்நெட் என்ற முறை வழக்கத்தில் இருந்தது. அதில் கடவுச்சொல் எந்த உறையும் இல்லாமல் அஞ்சலட்டையைப் போலப் பயணம் செய்யும். வழியில் நின்று படிக்க விரும்பியவர் படித்துக்கொள்ளலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ அப்படி நின்று கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே பணியாற்றிய டாட்டு இலோனன் 1995-இல் அதற்கு மாற்றாக எஸ்.எஸ்.எச். என்னும் முறையை எழுதினார். முதற்சொல் முதல் கடைசிச்சொல் வரை அனைத்தும் மறையாக்கப்பட்டுச் செல்லும். கணினியின் எண்ணிட்ட வாயில்களில் 21 கோப்புப் பரிமாற்றத்துக்கும் 23 டெல்நெட்டுக்கும் உரியவை. நடுவில் 22 காலியாக இருந்தது. அதைத் தமக்குத் தருமாறு இலோனன் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். பழைய பாதுகாப்பற்ற வாயில்கள் இரண்டுக்கும் நடுவில் புதியது குடியேறியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஐம்பது நாடுகளில் இருபதாயிரம் பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். உலகின் பெரும்பாலான வழங்கிகளை நிர்வகிப்பவர்கள் இன்றும் அந்த 22-ஆம் வாயில் வழியாகத்தான் நுழைகிறார்கள். இக்கட்டுரையின் இறுதியில் நாமும் அந்த வாயிலுக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

*

பூட்டைப் பற்றிப் பேசினோம். உள்ளே வந்தவருக்குக் கிடைக்கும் அதிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். யுனிக்ஸ் உலகில் எல்லாம் வல்ல பயனர் ஒருவர் இருக்கிறார், பெயர் 'ரூட்'. ஆணிவேர். அவர் சொல்லை இயங்குதளம் பொதுவாகக் கேள்வி கேட்காமல் நிறைவேற்றும். தன்னையே அழித்துக்கொள்ளச் சொன்னாலும் பெரும்பாலும் தயங்காது. ஆகவே ரூட்டாகவே நாள் முழுதும் உலவக்கூடாது, தேவைப்படும் ஒரு கட்டளைக்கு மட்டும் அந்த அதிகாரத்தை இரவல் வாங்கவேண்டும் என்ற பழக்கம் உருவாயிற்று. அதற்கான சுடோ என்ற கருவியை 1980 வாக்கில் பஃபலோ நகரின் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாப் காக்ஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதினார்கள்.

சுடோவை முதன்முறை அழைப்பவருக்கு அது ஒரு சிறு உபதேசம் செய்யும். பிறருடைய அந்தரங்கத்தை மதிக்கவேண்டும், தட்டுவதற்கு முன் யோசிக்கவேண்டும், பேரதிகாரத்தோடு பெரும்பொறுப்பும் வருகிறது என்று மூன்றே அறிவுரைகள். பிறகு கடவுச்சொல் கேட்கும். தட்டும்போது திரையில் நட்சத்திரக்குறிகூடத் தோன்றாமலிருப்பது அதன் நெடுநாள் வழக்கம். விசைப்பலகை பழுதாகிவிட்டதென்று கலங்கிய புதியவர்கள் ஏராளம். எத்தனை எழுத்து என்பதைக்கூடத் தோளுக்குப் பின்னால் நிற்பவர் அறியவேண்டாம் என்ற சங்கோஜம்தான் அதற்குக் காரணம். அனுமதியில்லாதவர் அழைத்தால், இச்சம்பவம் அறிவிக்கப்படும் என்று மிரட்டிய காலமும் உண்டு. யாருக்கு அறிவிக்கப்படும் என்று அது சொல்லாததால் அதைச் சுற்றியே பல கேலிகள் பிறந்தன. வீட்டுக் கணினியில் நிர்வாகியும் குற்றவாளியும் ஒருவரே என்பதால், புகார் எழுதியவரிடமே புகார் வந்து சேரும். கடவுச்சொல்லைத் தவறாகத் தட்டினால் பயனரைத் திட்டுவதற்கென்றே சுடோவில் ஒரு விருப்பத்தேர்வு உண்டு. விவேகமுள்ளோர் அதை முடுக்கி வைப்பதில்லை, ரசனையுள்ளோர் வைப்பார்கள்.

இந்த நகைச்சுவைக்கு ஒரு பயன் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் சைமன் டிராவக்லியா, பயனர்களைக் கொடுமைப்படுத்தும் ஒரு கணினி இயக்குநரைக் கதாநாயகனாக்கி அங்கதக் கதைகள் எழுதினார். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைப்பவரின் கோப்புகளை அழித்துவிட்டு, 'இப்போது உங்களுக்கு நிறைய இடம் இருக்கிறது' என்பது போன்ற தொனியில் பதில் சொல்லும் பாத்திரம். நிர்வாகிகள் அதைப் படித்துச் சிரித்தார்கள். தங்களிடம் உள்ள அதிகாரம் எவ்வளவு அபாயகரமானது என்பதை அச்சிரிப்பின் வழியே அவர்கள் ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொண்டார்கள் என்றுதான் நாம் எண்ணுகிறோம். விதிப்புத்தகத்தை யாரும் இரண்டு முறை படிப்பதில்லை. நகைச்சுவையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். டோர்வால்ட்ஸும் 1996-இல், காப்புப் பிரதி எடுப்பது கோழைகளின் வேலை, வீரர்கள் தங்கள் படைப்பை இணையத்தில் ஏற்றிவிடுவார்கள், உலகமே அதை நகலெடுத்துக்கொள்ளும் என்ற பொருளில் வேடிக்கையாக எழுதினார். தம் வன்தட்டு ஒன்று சாகக்கிடந்த நேரத்தில் எழுதியது அது.

வேடிக்கைக்குப் பின்னால் உள்ள வேதனையை அறிந்தவர்கள் 'டாய் ஸ்டோரி 2' படத்தை உருவாக்கியவர்கள். 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ ஒருவர் தவறான இடத்திலிருந்து அழிப்புக் கட்டளையைத் தட்டிவிட்டார். கண்ணெதிரே கதாபாத்திரங்களின் கோப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. படத்தின் பெரும்பகுதி போயிற்று. காப்புப் பிரதியைத் தேடினால், அது சில காலமாகவே சரியாகப் பதிவாகவில்லை. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துவந்த தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மனின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி தப்பியிருந்தது. அந்தக் கணினியைக் கம்பளிகளில் சுற்றிக் காரில் வைத்து, குழந்தையைக் கொண்டுவருவதைப் போலக் கொண்டுவந்தார்கள். காப்புப் பிரதி எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது மீட்டுப் பார்க்கவும் வேண்டும் என்று மூத்த நிர்வாகிகள் சொல்வதற்குப் பின்னால் இப்படிப் பல கார்ப் பயணங்கள் இருக்கின்றன.

*

பூட்டும் அதிகாரமும் ஒழுங்காக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூட்டைச் செய்த கொல்லனை நம்பலாமா? இக்கேள்வியைக் கென் தாம்சனே 1984-இல் வெளியான தம் டூரிங் விருது உரையில் எழுப்பினார். மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளில் ஒரு வஞ்சகத்தைப் புதைத்து, அதன் மூலநிரலில் தடயமே இல்லாமல் செய்ய முடியும் என்று அவர் செய்முறையாக விளக்கினார். நிரலை வரிவரியாகப் படித்தாலும் ஓரிடத்தில் மனிதனை நம்பித்தான் ஆகவேண்டும் என்பது அவ்வுரையின் சாரம்.

வஞ்சகமே இல்லாதபோதும் நம்பிக்கை சறுக்கும். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில் 2006-இல் நடந்ததைப் பாருங்கள். மறையாக்கச் சாவிகளை உருவாக்கும் மென்பொருளை வால்கிரிண்ட் என்ற பிழைகாணும் கருவி சோதித்தபோது, இன்ன வரிகளில் நினைவகம் ஒழுங்காகத் தொடங்கிவைக்கப்படவில்லை என்று எச்சரித்தது. தொகுப்பின் பராமரிப்பாளர், மூலநிரலாளர்களின் மடலாடற்குழுவில் கேட்டார்; பெரிய மறுப்பு எழவில்லை. அவ்வரிகளைச் செயலிழக்கச் செய்தார். எச்சரிக்கை நின்றது. ஆனால் அவற்றில் ஒரு வரிதான் சாவிகளுக்கு வேண்டிய தற்செயல்தன்மையைக் கலந்துகொண்டிருந்தது. எண்ணற்றவையாக இருக்கவேண்டிய சாவிகள், ஒரு வகைக்குச் சுமார் 32,000 என்று சுருங்கிவிட்டன. ஒரே சாவிக்கொத்தில் உலகத்துப் பூட்டுகள் எல்லாம் அடங்கிய நிலை. 2008 மே மாதம் கண்டுபிடித்து அறிவிக்கும்வரை ஏறத்தாழ இருபது மாதங்கள் அது யார் கண்ணிலும் படவில்லை. நிரல் திறந்தே இருந்தது. திறந்த கதவின் வழியே ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

*

இனி, அந்த அரை நொடி.

எக்ஸ்.இஸட். என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். லினக்ஸ் தொகுப்புகளில் பெரும்பாலானவற்றில் அது இருக்கும். அதன் பெயரைப் பயனர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். ஃபின்லாந்தைச் சேர்ந்த ஒருவர் அதை நெடுங்காலமாகத் தனியாக, ஊதியமில்லாமல் பராமரித்துவந்தார். 2021-இன் இறுதியில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் சிறு திருத்தங்களை அனுப்பி உதவ முன்வந்தார். 2022-இல், முன்பின் அறியாத சில பெயர்கள் மடலாடற்குழுவில் தோன்றிக் குறைகூறத் தொடங்கின. வேலை மந்தமாக நடக்கிறது, பொறுப்பை வேறு யாரிடமாவது ஒப்படையுங்கள் என்று அழுத்தம் கொடுத்தன. தமக்கு ஆர்வம் குறையவில்லை என்றும், நீண்டகால மனநலச் சிக்கல்களால் தம்மால் முன்போல் இயலவில்லை என்றும், இது ஊதியமில்லாத விருப்பப் பணி என்பதை நினைவில் கொள்ளுமாறும் பராமரிப்பாளர் பணிவாகப் பதில் எழுதினார். சிற்றிதழ் நடத்தியவர்களை அறிந்த நமக்கு இக்கடிதத்தின் தொனி அந்நியமானதன்று. இதழ் ஏன் தாமதம் என்று கேட்பவர்கள் வருவார்கள். தபால்தலை ஒட்ட வருபவர்கள் குறைவு. ஒட்ட வந்த ஒருவரை அவர் நம்பினார். ஜியா டான் இணைப் பராமரிப்பாளர் ஆனார்.

2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஜியா டான் வெளியிட்ட இரண்டு பதிப்புகளில் ஒரு கள்ளவழி இருந்தது. சோதனைக்கான கோப்புகளுக்குள் அதை ஒளித்துவைத்திருந்தார்கள். எக்ஸ்.இஸட்.டுக்கும் எஸ்.எஸ்.எச்.சுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் சில லினக்ஸ் தொகுப்புகள் வேறொரு வசதிக்காகச் செய்த ஒட்டுவேலையால், எஸ்.எஸ்.எச். வழங்கி இயங்கும்போது இந்தச் சுருக்கும் மென்பொருளும் சேர்ந்து ஏற்றப்படும். அந்தச் சுற்றுவழியைக் கண்டுபிடித்துத்தான் கள்ளவழியை அமைத்திருந்தார்கள். ரகசியச் சாவி வைத்திருப்பவர் அந்த 22-ஆம் வாயிலுக்கு வந்தால், கடவுச்சொல் எதுவும் இல்லாமல் ரூட்டின் அதிகாரத்தோடு கட்டளையிடலாம்.

ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் தரவுத்தள மென்பொருள் ஒன்றின் நிரலாளர், மைக்ரோசாஃப்ட் ஊழியர். பாதுகாப்பு அவருடைய துறையன்று. தம் மென்பொருளின் வேகத்தைத் துல்லியமாக அளப்பதற்காகக் கணினியில் மற்ற சந்தடிகளை அடக்கிக்கொண்டிருந்தார். இணையத்தில் எப்போதும் யாராவது தவறான பெயர்களோடு எஸ்.எஸ்.எச். கதவைத் தட்டிக்கொண்டேயிருப்பார்கள், உடனே விரட்டப்படுவார்கள். விரட்டுவதற்கு இவ்வளவு கணினித்திறன் செலவாவானேன் என்று அவருக்குத் தோன்றியது. அளந்தார். சுமார் 0.3 நொடியில் முடியவேண்டியது 0.8 நொடி எடுத்தது. சில வாரங்களுக்கு முன் தம் சோதனைகளில் வால்கிரிண்ட் கருவி விநோதமான ஓர் எச்சரிக்கை தந்ததும் நினைவுக்கு வந்தது. டெபியனில் எந்தக் கருவியின் எச்சரிக்கையை வாயடைத்ததால் 2006-இல் கேடு விளைந்ததோ, அதே கருவி. ஃப்ராய்ண்ட் அதன் வாயை அடைக்காமல் நூலைப் பிடித்துக்கொண்டு போனார். 2024 மார்ச் 29 அன்று, தாம் கண்டதை உலகுக்கு அறிவித்தார்.

நச்சுக் கலந்த பதிப்புகள் அப்போது லினக்ஸ் தொகுப்புகள் சிலவற்றின் சோதனைப் பதிப்புகளுக்குள் நுழைந்துவிட்டிருந்தன. பெருவாரியான வழங்கிகளில் ஓடும் நிலையான பதிப்புகளைச் சேரவில்லை. இன்னும் சில மாதங்கள் கடந்திருந்தால் சேர்ந்திருக்கும். மருத்துவமனை, வங்கி, அரசு அலுவலகம் என்று எந்தக் கட்டடத்தின் கதவும் அந்த ஒரு சாவிக்குத் திறந்திருக்கக்கூடும். ஜியா டான் என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர் யாரென்று வெளிப்படவேயில்லை. அந்தப் பெயர் மறுபடி எழுதவும் இல்லை.

*

ஸ்டோலையும் ஃப்ராய்ண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நமக்குச் சில எண்ணங்கள் எழுகின்றன. இருவருமே காவலர்கள் அல்லர். ஒருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மற்றவர் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தவர். தம் தொழிலில் அளவு தவறக்கூடாது என்ற பழக்கம் இருவரிடமும் இருந்தது. கணக்கு உதைத்தால் ஏன் என்று கேட்டார்கள். வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே தலைப்பாக்கிய 'பொச்சாவாமை' என்ற சொல், மறதியும் அசட்டையும் இல்லாதிருத்தல் என்று பொருள்படுவது. பாதுகாப்பு என்று இன்று நாம் பொதுவாகச் சொல்வதைவிட அது இவர்களுக்குப் பொருந்துகிறது.

ஆனால் பொச்சாவாமைக்கு ஓய்வும் துணையும் வேண்டும். 1961 முதல் நாம் பார்த்த விபத்துகளில் பலவும் பூட்டின் குறையாலோ, பூட்டத் தெரியாத மனிதராலோ நேர்ந்தவை. உப்பும் மறையாக்கமும் சுடோவும் அவற்றுக்கு மருந்தாக வந்தன. பெருமளவுக்குக் குணமும் தெரிந்தது. 2024-இல் வந்தவர்களோ பூட்டை உடைக்கவில்லை. களைத்துப்போன ஒருவரிடம் வந்து 'நான் உதவுகிறேன்' என்றார்கள். மற்றவர்கள் எவரும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவில்லை என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த சாவி. இலட்சக்கணக்கானோர் அம்மென்பொருளைப் பயன்படுத்தினோம். அதன் பெயர்கூட நமக்குத் தெரியாது. பராமரிப்பாளர் அதன்பிறகும் விலகி ஓடவில்லை. திரும்பி வந்து, நச்சு கலந்த கோப்புகளை அகற்றி, தூய பதிப்பை வெளியிட்டார்.

2000-ஆம் ஆண்டு முதல் ஜூலை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமையைக் கணினி நிர்வாகிகளுக்கு நன்றி சொல்லும் நாளாகச் சிலர் கொண்டாடி வருகிறார்கள். வேடிக்கையாகத் தொடங்கிய வழக்கம் அது. கேக் வாங்கித் தரச்சொல்லிப் பயனர்களைக் கேட்கும் தினம். வேடிக்கை என்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். எக்ஸ்.இஸட். கதையை அறிந்த பிறகு, கேக்குக்குச் செலவாகும் காசு அப்படியொன்றும் அதிகமில்லை என்று தோன்றுகிறது.